காரியத்தைக் கெடுத்த கழுவல்

ஆசிட்காரர் என்றால்தான் ஆலையில் அவரைத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகச் சோயா எண்ணெயில் கந்தக அமிலம் சேர்த்து, பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் எண்ணெயாக மாற்றுகிறவர். முழங்கை வரை தழும்பு. இருமல் வேறு.

"இது சட்டையில ஓட்டையா, ஓட்டையில சட்டையா?" துணி உலர்த்தும்போதெல்லாம் மனைவி கேட்பாள்.

அதனால் ஆய்வுக்கூடத்து மேடம் கடுகளவு பழுப்பு மணிகளைக் காட்டி, "அண்ணே, இனிமே அமிலத்தோட வேலைய இதுவே செய்யும். வடிகட்டி மறுபடி போடலாம். சாக்கடைக்கு அமிலத் தண்ணியே போகாது" என்றபோது, முதலில் நம்பியவர் அவர்தான். அன்றைக்கே மனைவியைப் புதுச் சட்டை வாங்கச் சொல்லிவிட்டார்.

மூன்று தடவை பார்க்கலாம், அதற்குமேல் இல்லை என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். கண்ணாடிக் குடுவையில் ஜோராக வேலை செய்த மணி, சோதனைக் கலனுக்குள் போனதும் படுத்துக்கொண்டது. முதல் தடவை பாதி எண்ணெய்கூட மாறவில்லை. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதுக்கு ஆசிட்காரர் கலனை இரண்டு மடங்கு தேய்த்துக் கழுவினார். அதுவும் போச்சு.

"மணியக் கோத்து உங்க வீட்டம்மா கழுத்துல போடுய்யா. நாளைக்கு ஆசிட் லாரி வருது" என்று மேனேஜர் போய்விட்டார்.

ஆத்திரத்தில் ஆசிட்காரர் கலனின் அடிக்குழாயை ஓங்கி உதைத்தார். வளைவிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது. தொட்டால் சோப்பு மாதிரி வழவழப்பு.

காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர். மிச்ச அமிலம் இரும்பைத் தின்னாமலிருக்க, ஒவ்வொரு முறையும் அதில்தான் கலனைக் கழுவுவார்கள். யாரும் சொல்ல வேண்டாம், கை தானாகச் செய்யும்.

"மேடம், காஸ்டிக் பட்டா அந்த மணி என்னாகும்?"

"அதுல இருக்கிற அமிலமே செத்துடும்ணே. ஏன்?"

சொன்னார். மேடம் முகம் வெளுத்தது. "மூணு தடவையுமா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க குடுத்த தாள்ல கழுவுறதைப் பத்தி ஒண்ணுமே இல்லையே. நீங்களும் கேக்கல, நானும் சொல்லல. வெளங்கிடும்!"

இருவரும் மேனேஜரிடம் ஓடினார்கள். "தப்பு என்னோடது சார். இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார் ஆசிட்காரர்.

"லாரி கிளம்பியாச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

மறுநாள் காலை பழைய சட்டையை மாட்டினார்.

"புதுசு என்னாச்சு?" என்றாள் மனைவி.

"உள்ளயே கெடக்கட்டும். வாயக் கிளறாத."