கோமதி தாங்கிப் பிடித்த தோள்

சனிக்கிழமை காலை, கிள்ளானில் என் வீட்டு வாசலில் பள்ளிப் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. பிரிக்பீல்ட்ஸ் பிசியோதெரபி நிலையத்தில் எனக்குச் சிகிச்சை தந்த கோமதியுடன் வேலை பார்த்த பெண் பேசினார். "அக்கா, கோமதிக்கா போயிட்டாங்க." தண்ணீர்க் குழாயை மூடவும் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

அவர் கையால் குணமான நம் எல்லோருக்கும் ஆளுக்கொரு கதை இருக்கும். என் கதை ஒரு மழைநாளில் தொடங்கியது. பேருந்துப் படியில் வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தொங்கியதில் வலது தோளின் தசைநார் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு முன் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்ல, தலை வாரக்கூட முடியாத கையோடு ரயிலேறி கோமதியிடம் போனேன். ஒரு கையால் தோள்பட்டையை அணைத்து, மறு கையால் முழங்கையைத் தாங்கி, அங்குலம் அங்குலமாக உயர்த்தினார். நான் பல்லைக் கடித்தேன்.

"வலிச்சா சொல்லிடுங்கக்கா. வீரம் காட்டுனா இங்க மெடல் கொடுக்க மாட்டோம் லா."

என் பேருந்தை அப்போது வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரோடு ஒட்டிக்கொள்வார்களோ என்று எனக்குப் பயம். சீக்கிரம் குணமாக வேண்டும் என்ற அவசரத்தில், வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிக்கு துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து முரட்டுத்தனமாக இழுத்தேன். தோள் வீங்கிப் போனது. கோமதி திட்டவில்லை. "கிழிஞ்சது இப்பத்தான் ஆறிட்டு வருது. அத மிரட்டாதீங்க" என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ஐந்தாவது மாதம் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன்.

அடுத்த ஆண்டு கோமதிக்கு மார்பில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை நடந்தது. செந்தூலில் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்கு மீன்குழம்பு கொண்டுபோனேன். அவருடைய இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. ஊருக்கெல்லாம் பயிற்சி சொன்னவர், தனக்கு எதுவுமே செய்துகொள்ளவில்லை.

"எல்லாம் தெரியும்கா. மனசு வரல" என்று அழுதார்.

எனக்கு அவர் சொல்லித்தந்தது போலவே அவரைச் சுவர் முன் நிறுத்தி, விரல்களைச் சுவரில் மேலே நடக்க விடச் சொன்னேன். வாரம் இருமுறை போனேன். ஒருநாள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து மைலோ டின்னைத் தானே எடுத்துவிட்டு, "பில்லு எவ்வளவு டாக்டர்?" என்று சிரித்தார். இருவரும் கண்ணீர் வர வர மைலோ குடித்தோம். இரண்டு ஆண்டுகள் நன்றாகவே இருந்தார், வேலைக்கும் திரும்பினார். அதன்பின் நோய் எலும்புக்குப் பரவியது.

நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது சின்ன விஷயம்தான். எத்தனையாவது முறை போனாலும், "கை வைக்கலாமாக்கா?" என்று கேட்காமல் அவர் என்னைத் தொட்டதில்லை. வலிக்கிற உடம்பு அந்தக் கேள்வியிலேயே பாதி இளகிவிடும்.

இறுதிச் சடங்கன்று அவருடைய அம்மா யாரையும் நெருங்கவிடாமல் விறைத்து உட்கார்ந்திருந்தார். நான் தரையில் அமர்ந்து, "அம்மா, கையப் பிடிச்சுக்கலாமா?" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார்.