சனிக்கிழமை மட்டும் போதாது

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிங்கப்பூர் ராபிள்ஸ் பிளேஸில் ஒரு கம்பெனியில் தட்டெழுத்தராக இருந்தேன். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் மாதா கோயில் கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு சங்கம் நடத்தினோம். தெருவில் சுற்றும் பிள்ளைகள் தப்பான கைகளில் சிக்கிவிடக் கூடாது என்று பங்குச் சாமியார் தொடங்கியது அது. எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். தையல், பாட்டு, வலைப்பந்து எல்லாம் உண்டு.

அங்கே வந்தவர்களில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. பந்து கையில் வந்துவிட்டால் பெரிய பெண்களாலும் அவளை மறிக்க முடியாது. அப்பா இல்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பிற்பகல் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்ப இரவாகிவிடும்.

ஒரு புதன்கிழமை வேலை விட்டு பஃப்ளோ ரோடு வழியாக வரும்போது அவளைப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் எதையோ வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வட்டாரத்தில் திருட்டுத்தனமாக நம்பர் சூது நடத்துகிறவர்கள், வீடு வீடாகப் போய் எண் எழுதிய பந்தயச் சீட்டு வாங்கிவரப் பிள்ளைகளை அனுப்புவது ஊரறிந்த சங்கதி.

கூப்பிட்டதும் வந்தாள். முகத்தில் பயமே இல்லை.

"சின்னப் புள்ளய போலீஸ் சந்தேகப்பட மாட்டாங்கக்கா," என்றாள்.

ஏன் போகிறாய் என்று கேட்டேன். சீட்டு வாங்கிவந்தால் காப்பிக்கடை அண்ணன் சாப்பாடு வாங்கித் தருவாராம். அம்மா வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கலாமாம்.

"வீட்ல தனியா இருக்க பயமா இருக்குக்கா."

நாங்கள் அவளுக்கு வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்திருந்தோம். மிச்ச மாலைப்பொழுதுகளெல்லாம் அந்த ஆளிடம் இருந்தன.

கூடத்தைத் தினமும் திறக்க வேண்டும், சாப்பாடும் போட வேண்டும் என்று சங்கத்துப் பெண்களிடம் கேட்டேன். பலர் தயங்கினார்கள். சூதாட்டக்காரனோடு திரிகிற பிள்ளையோடு நம் பிள்ளைகளைப் பழக விடுவதா என்று ஓர் அம்மாள் வெளிப்படையாகவே கேட்டார். கூட்டங்களில் வாயே திறக்காத என் அம்மா அன்று பேசினார்.

"திங்கக்கிழமை சோறு நான் ஆக்கறேன். மத்த நாளைக்கு யாருன்னு நீங்க சொல்லுங்க."

முதலில் கை தூக்கியவர், மறுத்துப் பேசிய அதே அம்மாள்தான்.

அந்தப் பெண் தினமும் வர ஆரம்பித்தாள். சில நாட்களில் காப்பிக்கடைக்காரர் கூடத்து வாசலுக்கு வந்தார். சண்டை போடவில்லை. வெள்ளைச் சட்டையில், மரியாதையாகத்தான் நின்றார்.

"கெட்டிக்காரப் புள்ள அது, தங்கச்சி. பசியில விட்டதில்ல லா நான்."

அது உண்மை. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. இனி அவள் இங்கேதான் சாப்பிடுவாள் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அடுத்த மாதமே அவர் வேறொரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். அதைக் கண்டுபிடித்தது எங்களில் யாருமில்லை, அந்தப் பெண்தான். ஒரு நாள் தன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பந்தியில் உட்கார வைத்தாள்.

"இவளுக்கும் ஒரு தட்டு போடுங்கக்கா. நான் போன வீட்டுக்கெல்லாம் இப்ப இவதான் போறா."

எல்லாரும் அப்படி வந்து சேரவில்லை. எங்களிடம் தையல் கற்ற ஒருத்தி கடையில் திருடிப் பிடிபட்டு, பெண்பிள்ளைகள் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டாள். நான் பார்க்கப் போனபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் என்ன செய்திருக்கலாம் என்று பல நாள் யோசித்தேன்.

வலைப்பந்துக்காரி படித்து முடித்து ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் விடுமுறை நாளில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிட்டார்.