ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் நாற்காலி

என் ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் நார்மல் என்று வந்த அன்று, என் கணவர் தெருமுனைப் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைத்தார். அவர் நல்ல மனிதர். அதுதான் என் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். நெற்றி நிறைய விபூதியோடு வந்து, "ஒண்ணுமே இல்லேன்னு எழுதிட்டான், பாத்தியா" என்றார். நான் சோபாவில் படுத்திருந்தேன். புடவைத் தலைப்பு தோளில் உரசுவதே வலித்துக்கொண்டிருந்தது.

ஒன்றுமே இல்லை என்ற அந்தத் தாளை அவர் உறவுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளுமாக வந்து குவிந்தன. எனக்கு ஏதாவது ஒரு வியாதி இருந்துவிடக்கூடாதே என்று அத்தனை பேர் கவலைப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கவலை தீர்ந்துவிட்டது. என் வலி மட்டும் அப்படியே இருந்தது.

தினமும் காலையில் யாரோ ராத்திரி முழுக்க அடித்துப் போட்டதுபோல எழுந்திருப்பேன். எட்டு மணி நேரம் தூங்கினாலும் அதே கதைதான். கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று வலி ஊர்வலம் போகும். எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. குக்கரைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டு அது விசில் அடிக்கும்வரை சமையலறைச் சுவரில் சாய்ந்திருப்பேன். நான் கணக்கு டீச்சர். கரும்பலகையில் ஒரு இருபடிச் சமன்பாட்டைப் போட்டுக்கொண்டே போகும்போது நடுவில் அடுத்த வரி காணாமல் போகும். இருபது வருஷமாகப் போட்ட கணக்கு. பிள்ளைகள் பின்னால் காத்திருப்பார்கள். கையைத் தூக்கியபடி நின்றுகொண்டு, வலியையும் மறந்துபோன வரியையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருப்பேன்.

தியாகராய நகரில் இருக்கும் என் நாத்தனாரிடம் எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. போன் பண்ணி, "மன்னி, நீங்க கார்த்தால எழுந்து மொட்டை மாடில அரை மணி நடந்தேள்னா எல்லாம் சரியாப் போயிடும். எனக்கும்தான் டயர்டா இருக்கு. நான் சொல்லிண்டிருக்கேனா?" என்பாள். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், அரை மணி நேரமாக. சோர்வைப் பற்றி மட்டும் இந்த ஊரில் எல்லோருமே நிபுணர்கள். மாரடைப்பு வந்தவனிடம் போய் எனக்கும்தான் மார் படபடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு மட்டும் முருங்கைக்கீரை சூப், பாதாம், வெயில், பஜனை, தூக்கத்தைக் கெடுக்கும் செல்போன், இவற்றோடு கொஞ்சம் மனசைத் திடமாக வைத்துக்கொள்ளும்படி ஒரு அறிவுரை.

கடைசியில் அடையாறில் ஒரு மூட்டு வாத மருத்துவரைப் பார்த்தேன். அவர் தோளிலும் முதுகிலும் தொடையிலும் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார். மூன்றாவது இடத்திலேயே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஃபைப்ரோமயால்ஜியா என்றார், கூடவே நாள்பட்ட சோர்வு நோயும் இருக்கிறது என்றார். "வலி நிஜம்தாம்மா. தசையில காயம் இல்ல, அதனால டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாது. வலியைக் கேக்கற நரம்பு மண்டலம் சத்தத்தைக் கூட்டி வெச்சிருக்கு" என்றார். அடியோடு குணமாக்கும் மருந்து கிடையாது, கொஞ்சம் அடக்கி வைக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. பிறகு எனக்கு அன்றைக்குச் சரியாகப் புரியாத ஒன்றைச் சொன்னார்: "வேலை செய்யற அன்னிக்குத் தெரியாது. மறுநாளோ, அதுக்கு மறுநாளோ உங்களைப் படுக்க வெச்சுடும். முடியறப்பவே நிறுத்துங்க. முடியாமப் போனப்புறம் நிறுத்தினா பிரயோஜனம் இல்ல."

ஆட்டோவில் வரும்போது அழுதேன். சந்தோஷ அழுகைதான். ஒரு வியாதிக்குப் பெயர் கிடைத்ததற்கு இப்படி மகிழ்ந்த ஜன்மம் நானாகத்தான் இருப்பேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரைப் போனில் தேடிப் படித்தார். "பொம்மனாட்டிகளுக்குத்தான் ஜாஸ்தி வருமாம்" என்றார், ஏதோ அதோடு விஷயம் முடிந்துபோனதுபோல.

அந்த மருத்துவர் சொன்னதன் அர்த்தம் அந்த வருஷத்து நவராத்திரியில்தான் விளங்கியது. ஒரு சாயங்காலம் உடம்பு லேசாக இருந்தது. மாட வீதிகளில் ஐந்தாறு வீட்டுக் கொலுவுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கேட்ட இடத்தில் பாடினேன். சுண்டலும் வெற்றிலைப் பாக்கும் வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்தேன். அடுத்த இரண்டு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் மாட வீதி பார்த்தது அந்தச் சாயங்காலத்தை மட்டும்தான். பட்டுப்புடவை கட்டியவளுக்கு உடம்பு வலிக்காது என்பது மயிலாப்பூரின் அசைக்க முடியாத நம்பிக்கை. "அன்னிக்கு நன்னாத்தானே பாடினேள்?" என்று இன்றுவரை கேட்கிறார்கள்.

இவர்களை எல்லாம் சகித்துக்கொள்ளலாம். எனக்குச் சகிக்க முடியாதது பள்ளிக்கூட வேலையை விட்டுவிட நேருமோ என்ற பயம்தான். வீட்டில் நான் ஒரு சோம்பேறி நோயாளி. வகுப்பில், ஒரு கணக்கின் முடிச்சு அவிழும்போது நாற்பது முகங்களில் வரும் வெளிச்சத்துக்கு முன்னால், நான் வேறு ஆள். அந்த ஆளை விட்டுவிட எனக்கு மனமில்லை.

எங்கள் பள்ளி வகுப்புகளில் மேசை உண்டு, நாற்காலி கிடையாது. முன்பு இருந்தது. ஒரு கோடை விடுமுறையில் எங்கள் தாளாளர் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தார். ஆசிரியர் உட்கார்ந்தால் மாணவர் தூங்குவார் என்ற ஞானத்தை அங்கே வாங்கி வந்தார். ஜூனில் நாங்கள் வந்தபோது நாற்காலிகள் அனைத்தும் கலையரங்கத்து மேடைக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை பெயின்டில் வகுப்பும் பிரிவும் எழுதியிருக்கும். நாங்கள் மேசை விளிம்பில் சாய்கிறோமா என்று பார்க்க வகுப்புக்கு ஒரு கேமரா. இந்தத் திட்டத்தை வகுத்தவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்.

அவரிடம் மருத்துவச் சான்றிதழோடு போனேன். அவர் அறையில் பெற்றோருக்காக இரண்டு நாற்காலிகள் உண்டு. ஆசிரியர்கள் நின்றுதான் பேச வேண்டும். சான்றிதழை விட்டுவிட்டுக் கூடவே இருந்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்தார். எல்லாரும் அதைத்தான் படிப்பார்கள்.

"எல்லாம் நார்மல்னு போட்டிருக்கே மேடம்?"

"இந்த வியாதி அதுல தெரியாது சார். நின்னுண்டே அஞ்சு பீரியட் எடுத்தா மறுநாள் என்னால எழுந்திருக்க முடியல. ஒரு நாற்காலி போதும்."

"உங்களுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்களே."

அதாவது எல்லாருக்கும் கால் வலிக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. ஒரு மனிதரை இதைவிட மட்டமாக நினைக்க முடியாது என்று அந்த நிமிஷம் தோன்றியது. இன்னும் மட்டமாக நினைக்க அவரே பிறகு வழிசெய்தார். காலாண்டுத் தேர்வுவரை பார்ப்போம், நிற்க முடியவில்லை என்றால் வீட்டில் ஓய்வெடுப்பதைப் பற்றி நானே முடிவு செய்துகொள்ளலாம் என்றார். ராஜினாமா என்ற வார்த்தையைச் சொல்ல அவருக்குத் தைரியம் போதவில்லை.

அதன்பிறகு வந்தது ஆசிரியர் தினம். ஆசிரியர்களைப் போற்றும் விதமாக வருஷா வருஷம் எங்களை மைதானத்தில் நிறுத்தி இசை நாற்காலி ஆட வைப்பார்கள். பாட்டுப் போடும்போது நாற்காலிகளைச் சுற்றி ஓட வேண்டும், நின்றதும் உட்கார வேண்டும். நாற்காலி தராத பள்ளி, நாற்காலிக்காக எங்களை ஓட விட்டுப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுகிறது. யாருக்கும் இதில் ஏதும் உறைக்கவில்லை. கலையரங்கத்திலிருந்து நாற்காலிகளைக் கொண்டுவந்து வட்டமாகப் போட்டார்கள். தாளாளர் மைக்கோடு நின்றார்.

நான் வரவில்லை என்றேன். "சும்மா வாங்க மேடம், ஸ்போர்ட்டிவ்வா இருக்கணும்" என்று மைக்கிலேயே கூப்பிட்டார். குத்துப்பாட்டு ஆரம்பித்தது. நான் நடந்தேன். பாட்டு நின்றபோது எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகைச் சாய்ப்பதற்குமுன் பார்த்திருந்தேன்: ஒன்பது பி. என் வகுப்பின் நாற்காலி.

மறுபடி பாட்டுப் போட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

முன்கூட்டி ஒன்றும் யோசிக்கவில்லை. உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து ஏதோ கழன்று விழுந்ததுபோல் இருந்தது. இன்னும் முடிகிறது, ஆகவே இப்போதே நிறுத்த வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். பிள்ளைகள் கூச்சல் போட்டுக் கை தட்டினார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு தாளாளரைப் பார்த்தார். நான் ஏதோ நகைச்சுவை செய்வதாகத் தாளாளர் நினைத்துக்கொண்டார். "ஓகே ஓகே, மேடத்துக்கு ஸ்பெஷல் பர்மிஷன்" என்று சிரித்தார். மூடிய அறையில் கெஞ்சிக் கிடைக்காத அனுமதி, ஆயிரம் பேருக்கு முன்னால் மைக்கில் கிடைத்தது.

சுற்றுக்கு ஒரு நாற்காலியாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் நானும் இந்தி டீச்சரும் ஒரே ஒரு நாற்காலியும் மிஞ்சினோம். அதில் நான் இருந்தேன். அவர் பாவம், என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினார், எதற்கு என்று அவருக்கே தெரியாமல். எனக்கு முதல் பரிசாக ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். என் வகுப்புப் பெண்களிடம் அந்த நாற்காலியை மாடிக்குத் தூக்கிப் போய்விடுங்கள் என்றேன். யாரும் தடுக்கவில்லை.

உட்கார்ந்தே ஜெயித்தாலும் வெயிலும் கூச்சலும் உடம்பில் ஏறியிருந்தன. சனி ஞாயிறு இரண்டு நாளும் திரை போட்ட அறையில் கிடந்தேன். இதற்குள் பள்ளிக்கூடத்து வீடியோ நாத்தனார்வரை போய்விட்டது. "சூப்பர் மன்னி, ஃபர்ஸ்ட் ப்ரைஸாமே. அப்போ உடம்புக்கு ஒண்ணுமில்லேன்னு ஆயிடுத்து" என்று போட்டிருந்தாள். வீடியோ முழுக்க ஒரே ஒருத்தி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அது அவள் கண்ணில் படவில்லை. பரிசு மட்டும் பட்டது.

திங்கட்கிழமை தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். நாத்தனாரின் அறிவும் அவருடையதும் ஒரே கடையில் வாங்கியவை என்று அப்போது தெரிந்தது.

"வீடியோ பார்த்தேன் மேடம். மியூசிக்கல் சேர்ல ஜெயிச்சவங்களுக்கு கிளாஸ்ல எதுக்கு சேர்?"

"நான் எழுந்திருக்கவே இல்லையே சார். அதனாலதானே ஜெயிச்சேன்."

சிரித்தார். இரண்டாவது தடவையாக நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அந்த சேரை ஆயாம்மா எடுத்துப்பாங்க. காலாண்டு வருது, நீங்களும் யோசிச்சுக்குங்க" என்றார்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. வகுப்புக்குள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு பெண்ணைக் கரும்பலகையில் எழுதச் சொல்லிவிட்டு நான் வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதிக் கணக்கில் ஆயா வாசலுக்கு வந்தாள்.

"டீச்சர், சேர எட்தாரச் சொல்லிகீறாரு."

"நான் உட்கார்ந்திருக்கேனே ஆயாம்மா."

"அத்தான் பாக்கறேன். நீ எய்ந்தாதான நா எட்துக்கினு போவ முடியும்."

"எழுந்திருக்க மாட்டேன்."

"அப்ப நா அவராண்ட இன்னா சொல்றது?"

"அதையே சொல்லுங்கோ."

அவள் போனாள். நான் கணக்கைத் தொடர்ந்தேன். சற்று நேரத்தில் படிக்கட்டில் ஷூ சத்தம் கேட்டது. தாளாளரே வந்து வாசலில் நின்றார்.

எங்கள் பள்ளியில் பெரியவர் யார் வந்தாலும் வகுப்பே எழுந்து நிற்க வேண்டும். நாற்பது பேரும் பெஞ்சுகள் கிறீச்சிட எழுந்து, "குட் மார்னிங் சார்" என்று ராகமாக இழுத்தார்கள். வழக்கமாக எல்லோருக்கும் முன்னால் எழுந்திருப்பது ஆசிரியர்தான். நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் மூன்று நாள் முன்பு மைக்கில் அவர் கொடுத்த அனுமதியைக் கேட்டவர்கள். பிறகு தலையைத் தூக்கி, அவரே மாட்டிய கேமராவைப் பார்த்தார். ஒரு நோயாளி டீச்சரை நாற்காலியிலிருந்து எழுப்பும் காட்சி அதில் எப்படி விழும் என்று கணக்குப் போட்டிருப்பார். அந்த மனிதர் வாழ்க்கையில் போட்ட ஒரே சரியான கணக்கு அது.

அவர் எழுப்பியிருந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று இப்போது சொல்வது சுலபம். அப்போது என் இரண்டு கைகளும் நாற்காலிப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன, விரல்கள் வலியில் துடித்தன.

"சிட், சிட்" என்றார் வகுப்பைப் பார்த்து. பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். அவர் இறங்கிப் போனார்.

நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலாண்டும் போய்விட்டது, அரையாண்டும் போய்விட்டது. வலி போகவில்லை, அது போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. அன்று அவர் போனபிறகு கரும்பலகையைப் பார்த்தேன். எதுவரை வந்தோம் என்பது அடியோடு மறந்துபோயிருந்தது. வகுப்பைக் கேட்டேன், சொன்னார்கள். உட்கார்ந்தபடியே அடுத்த வரிக்குப் போனேன்.