ஊர் மூட்டை

கூத்தாநல்லூர் பக்கம் அப்துல் வஹாப் பாயின் அரிசி ஆலையில் வெளிநாட்டுக் காகிதங்கள் அத்தனைக்கும் மலர்க்கொடிதான் பொறுப்பு. வயது முப்பத்தொன்பது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய் அப்பனும் ஆத்தாளும் பி.காம். படிக்கவைத்த பெண். ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காரமாட்டாள். அனுப்பி முடித்த மெயிலைத் திறந்து நாலு தடவை படிப்பாள், பூட்டிய அலமாரியை இழுத்துப் பார்ப்பாள். ஆனால் கையெழுத்துப் போடும்போது மட்டும் நிதானம் வந்துவிடும். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு.

ஆலைச் சரக்கு கண்டெய்னரில் ஏறி லண்டனில் குகனேசன் என்கிற மொத்த வியாபாரியிடம் போகும். அவர் அதில் பாதியை வேனில் ஏற்றிப் பாரிசுக்கு அனுப்புவார். காரைக்கால்காரர்களும் நம் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே நிறைய. அதனால் ஆலையில் பன்னிரண்டு வருஷமாக ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கண்டெய்னரிலும் ஒரே ஒரு மூட்டையின் வாயைச் சிவப்பு நூலால் தைப்பார்கள். உள்ளே அரிசிக்கு நடுவில் கருவாடு, வடகம், முறுக்கு என்று ஆலை ஆட்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவது இருக்கும். ஊர் மூட்டை என்று பேர். சட்டப்படி தப்புதான். ஆனால் பிரித்துப் பார்த்தவன் ஒருவனும் இல்லை.

பிரிக்க அவசியமும் இல்லை. லண்டனும் பாரிசும் அப்போது ஒரே ஐரோப்பியக் கூட்டு. லண்டனில் ஒருமுறை சுங்கம் கட்டி இறங்கிய அரிசி, மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போவதுபோல் பாரிசுக்குப் போய்விடும். இங்கிலாந்துக்காரன் கூட்டை விட்டு வெளியே வந்தானே, அன்றைக்குப் பிடித்தது வினை. இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜனவரியிலிருந்து அவனுக்கு ஒரு சட்டம், ஐரோப்பாவுக்கு ஒரு சட்டம். அதே அரிசி கடலைத் தாண்டினால் மறுபடி காகிதம், மறுபடி தீர்வை, மறுபடி சோதனை. சாக்கில் அச்சடிக்கும் இறக்குமதிக்காரர் முகவரிகூட இரண்டு. பால், இறைச்சி, மீன் எது இருந்தாலும் எல்லையிலேயே பறிமுதல். அங்கே குகனேசன் போடும் உறுதிமொழி, இங்கே மலர்க்கொடி போட்ட கையெழுத்தை நம்பித்தான்.

இரண்டு மாதம் உட்கார்ந்து அந்த விதிகளையெல்லாம் படித்தவள் அவள் ஒருத்திதான். படித்த கையோடு, ஊர் மூட்டை இனிமேல் கிடையாது என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அந்த வருஷம் ஐப்பசியில், பொங்கல் விற்பனைக்கான பச்சரிசி ஏறும் சமயம், லோடுமேன் செல்லதுரை ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார். அவள் தெருக்காரர், சித்தப்பா முறை.

"முத்துப்பேட்டை கருவாடும்மா. நெடுஞ்செழியன் கேட்டான்."

அவர் மகன் பாரிசில் ஒரு ஓட்டல் அடுப்படியில் வேலை பார்க்கிறான். பேப்பர் சரியில்லாததால் ஆறு வருஷமாக ஊர்ப்பக்கம் வர முடியவில்லை.

"முடியாது சித்தப்பா. அங்க சட்டம் மாறிப்போச்சு. மாட்டுனா ஆலைக்கே கெட்ட பேரு."

அவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் பாரிசிலிருந்து போன் வந்தது. காரைக்கால் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்ட தங்கை ஜெயபாரதிக்கு ஆண் பிள்ளை. அவள் குரலே எழும்பவில்லை. "அம்மா லேகியம் கிளறுதாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அம்மா ராசம்மாள் அன்றைக்கே உரலை எடுத்துவிட்டாள். லேகியம் ஒரு டப்பா, உருக்கிய நெய் ஒரு டப்பா. பிள்ளை பெற்றவளுக்குப் பிறந்த வீட்டு நெய் போகாமல் இருக்குமா? மலர்க்கொடி இரண்டையும் வாங்கிக் கைப்பையில் வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் கிடங்கில் யாருமில்லை. ஒரு மூட்டையைப் பிரித்து உள்ளே புதைத்து, எல்லா மூட்டையையும்போல வெள்ளை நூலாலேயே தைத்தாள். தங்கைக்கு மட்டும் மூட்டை நம்பரை அனுப்பிவிட்டு, 'அரிசி மட்டும்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு அவளுக்கு நிலை கொள்ளவில்லை. கப்பல் எங்கே போகிறது என்று மணிக்கொரு தடவை போனில் பார்த்தாள். கொழும்பு, சூயஸ், லண்டன். "பித்துப் பிடிச்சவளாட்டம் ஏன்டி நடக்குற?" என்று அம்மா கேட்டதற்கு அம்மாவிடமே எரிந்து விழுந்தாள்.

மார்கழி கடைசியில் குகனேசனின் மெயில் வந்தது. பிரான்ஸ் எல்லையில் வேனைப் பிரித்துவிட்டார்களாம். அரிசிக்குள் நெய். வேன் சரக்கு மொத்தமும் முடக்கம். இனி அவருடைய ஒவ்வொரு வேனையும் பிரிப்பார்களாம். வைத்த ஆள் யாரென்று எழுத்தில் சொன்னால்தான் அடுத்த ஆர்டர்.

பாய் செல்லதுரையைக் கூப்பிட்டுவிட்டார்.

"கருவாடு வேணாம்னதும் நெய்யை வச்சீங்களாக்கும்?"

"நான் வைக்கல பாய்."

"வேற யாரு? மலரு வேணாம்னு சொன்னப்ப பொட்டலத்தோட நின்னது நீங்கதானே. கணக்கு முடிச்சுத் தரேன், கிளம்புங்க."

மலர்க்கொடி மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வாயைத் திறக்காவிட்டால் அவள் நாற்காலி அவளுக்கு. பாய் அவளைச் சந்தேகப்பட ஏழு ஜென்மம் ஆகும். செல்லதுரை தோளில் கிடந்த துண்டை உதறி எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிவிட்டார். இருபத்தெட்டு வருஷம் மூட்டை தூக்கிய முதுகு. அதைப் பார்க்க அவளால் ஆகவில்லை.

"நான்தான் வச்சேன் பாய். என் தங்கச்சிக்கு."

பாய் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "நடந்ததை நீயே எழுதி அனுப்பிடும்மா. அதோட உன் பொறுப்பு முடிஞ்சுது. இனிமே கையெழுத்து நான் போட்டுக்கிறேன்" என்றார்.

அவள் தலையாட்டினாள். அதை அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். மெயில் எழுத உட்கார்ந்தபோது, செல்லதுரை இன்னும் போகாமல் வாசலிலேயே நிற்பது தெரிந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வைக்கலாம்னா, எம்புள்ளைக்கும் ரெண்டு துண்டு வச்சிருக்கலாமேம்மா" என்றார்.