எங்கள் தெருவுக்குள் வந்த கம்பெனி பஸ்

குழந்தை பிறந்த பிறகு, ஒரகடம் கம்பெனியில் என் மேலாளர் லேப்டாப்பும் டேட்டா கார்டும் தந்து, குன்றத்தூர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார். ஷிப்ட் பஸ்கள் எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று திட்டமிடுவது என் வேலை. அதுவரை அந்த பஸ்களைத் திரையில் கோடுகளாக மட்டுமே பார்த்திருந்தேன்.

ஒரு மழை நாள் மாலை, குழந்தையோடு பால்கனியில் நின்றிருந்தேன். எங்கள் கம்பெனி பஸ் மெயின் ரோட்டிலேயே பெண்களை இறக்கிவிட்டுப் போனது. எதிர்வீட்டு ஹாஸ்டலுக்கு அவர்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி தண்ணீரில் நடந்து வந்தார்கள்.

டிரைவருக்குப் போன் செய்தேன். "அண்ணே, பஸ் தெருவுக்குள்ள வராதா?"

"தாராளமா வரும் மேடம். ஆபீஸ்ல குடுத்த ரூட்டு அப்டி கீது. மாத்துறது என் கையிலயா கீது?"

என் கையில்தான் இருந்தது. மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அப்போதே மாற்றினேன்.

மறுநாள் பஸ் ஹாஸ்டல் வாசலிலேயே நின்றது. இறங்கிய பெண்களில் ஒருத்தி, "யாரோ புண்ணியவான் மாத்திருக்காவ, நல்லாருக்கட்டும்" என்று திருநெல்வேலிப் பேச்சில் சொன்னது மேலே கேட்டது.

புண்ணியவான் இல்லை, புண்ணியவதி என்று சொல்லத் தோன்றியது. கூச்சமாக இருந்ததால் குழந்தையிடம் மட்டும் சொன்னேன்.