பொம்மைக்குக் கிடைத்த தலையணை

ஒரு மார்பகத்தை அகற்றிய பிறகு அம்மா எவரிடமும் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வடக்குப்பட்டில் எங்கள் வீட்டின் உள்ளறையில், போர்வையைத் தோளோடு போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருப்பாள். மனம்விட்டுப் பேசினால்தான் தேறுவாள் என்று மருத்துவமனையின் மனநல ஆலோசகர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா அதையும் மாத்திரையைப் போலவே கருதி, காலையும் மாலையும் சாப்பாட்டுக்குப் பின், "பேசும்மா, பேசிடு" என்று வற்புறுத்திவந்தார்.

அம்மா வேலை பார்த்தது ஒரகடத்தில், கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளோடு தைக்கும் இரு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பிள்ளைப்பாக்கத்துக்காரி, மற்றவள் தென்காசிப் பக்கமிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த இளையவள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் ஒரு பொட்டலத்தை அவளருகே வைத்துவிட்டுக் கூடத்தில் வந்து அமர்ந்தார்கள்.

விருந்தாளிகள் கொண்டுவரும் பொட்டலம் பிள்ளைகளுக்குரியது என்பது என் துணிபு. பிரித்தேன். மாநிறத் துணியில், ஒரு பக்கம் தட்டையாக, மறுபக்கம் உருண்டு மெத்தென்று, கார் இருக்கையின் அதே நேர்த்தியான தையலோடு ஒன்று இருந்தது. என் பொம்மைக்கென்றே தைத்த தலையணை! பொம்மையை அதன்மேல் கிடத்திக் கூடத்துக்கு ஏந்திவந்தேன்.

அப்பா சட்டென்று எழுந்து, வண்டிக்குப் பெட்ரோல் போடக் கிளம்பிவிட்டார்.

"யக்கா, ஒம் மவ அதுல பொம்மைய ஒறங்க வச்சிட்டா!" என்று உள்ளே பார்த்துக் கூவினாள் இளையவள்.

"உன் ஜாக்கெட்டுக்குள்ள வெக்கிறதுக்குன்னு எத்தினி வாட்டி பிரிச்சிப் பிரிச்சித் தெச்சோம், இவ இன்னாடான்னா..." என்றாள் பிள்ளைப்பாக்கத்துக்காரி.

உள்ளேயிருந்து, கேட்டே வெகு நாளான குரல் வந்தது. "அளவு எப்பிடிடி தெரியும்?"

"நல்லா கேட்ட போ! உன் ஜாக்கெட்ட மாட்டிகினு நான் போகாத கல்யாணமாக்கா?"

அம்மா சிரித்தாள். அவர்கள் தலையணையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். சிரிப்பு சற்று நேரம் கேட்டது; பிறகு அம்மா வாய்விட்டு அழுதாள். பயந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

"இரு கண்ணு, அழட்டும்" என்றாள் பிள்ளைப்பாக்கத்துக்காரி.

அவர்களை விரட்டிவிடச் சொல்வதற்காக வாசலில் அப்பாவை எதிர்பார்த்து நின்றேன். அவர் வந்தார், அழுகையைக் கேட்டார், சற்றே நின்றார். பிறகு தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவர்களுக்குத் தேநீர் வாங்கக் கடைக்குப் போனார். பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் இரக்கமற்றுப் போனார்கள் என்றே நான் நினைத்தேன்.