தோற்ற ஜனாதிபதி வீட்டுக்குப் போனார்

என்னை அதிகம் பயமுறுத்திய அமெரிக்கர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் நான் பிறப்பதற்கு நூறு வருடங்களுக்கும் முன்பே செத்துப்போன ஜனாதிபதிகள். ஆயிரத்து எண்ணூறாம் ஆண்டுத் தேர்தலில் ஒருவர் மற்றவரைத் தோற்கடித்தார். அதற்காக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு டென்மார்க்கின் ஒடென்சேயில் நான் வியர்த்தேன்.

அப்போது பகலில் ஒரு தொழிற்சாலையில் கோழிகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டும், மாலையில் பெரியவர்களுக்கான பள்ளியில் படித்துக்கொண்டும் இருந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குள் நுழைய வரலாறு ஒன்றுதான் பாக்கி. அதில் விழுந்தால் இன்னொரு வருடம் கோழி.

சோதனைக்கு எப்படிப் படிப்பது என்று யாழ்ப்பாணத்தில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்: பாடமாக்க வேண்டும். எல்லாத் தலைப்புகளுக்கும் அகராதி வைத்து டேனிஷில் விடை எழுதினேன். பிறகு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து உரத்து ஒப்புவித்தேன். என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட அண்ணை மீன் பொரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பால், பாண், பஸ் என்பதற்கு மேல் டேனிஷ் கிடையாது. ஆனால் காது கூர்மை.

“டேய், நேற்று ‘பாங்க்’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் மூச்சு விட்டனி. இண்டைக்குப் பாங்க்கைக் காணேல்லை.”

உண்மைதான். அமெரிக்கக் கட்சிச் சண்டைத் தலைப்பில் மத்திய வங்கியை முழுசாக விட்டுவிட்டிருந்தேன்.

“உந்தச் சண்டையிலை ஆரடா நல்லவன்?”

“ஒருத்தருமில்லை அண்ணை. ஒரு கட்சி வியாபாரியளின்ரை. மற்றது தோட்டக்காரற்றை. பேப்பரிலை ஆளையாள் கிழிகிழியெண்டு கிழிச்சிருக்கினம்.”

“அப்ப எங்கடை ஆக்கள்தான்,” என்று மீனைப் புரட்டினார்.

சோதனை வாய்மொழி. பச்சைத் துணி விரித்த மேசையில் தலைப்புத் துண்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். நல்லூர்க் கந்தனையும், போதாததற்கு அண்ணையின் பெந்தெகொஸ்தே இயேசுவையும் கூப்பிட்டுக்கொண்டு எடுத்தேன். அமெரிக்கக் கட்சிச் சண்டை! இரண்டு கடவுள்களும் ஒற்றுமையாக வேலை செய்திருந்தார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் ரீச்சர். பக்கத்தில் வேறு ஊரிலிருந்து வந்த பரிசோதகர், பற்றவைக்காத பைப்போடு ஒரு கிழவர். நான் எழுந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடங்கினேன்.

“இருந்து கதைக்கலாம்,” என்றார் ரீச்சர்.

இருந்தேன். முதல் வரி மறந்துபோனது. எழுந்தேன், வந்தது. எனவே நின்றபடியே ஓட்டினேன். மூன்றாவது பந்தியில் கிழவர் விரலை உயர்த்தினார்.

“அது ஏன் அப்படி?”

பாடமாக்கியதில் ‘ஏன்’ இல்லை. வேறு வழியில்லாமல் முதல் வரியிலிருந்து திரும்பவும் தொடங்கினேன். அதே இடத்தில் அதே விரல். மூன்றாவது தரமும் நான் முதல் வரிக்குப் போனபோது கிழவர் பைப்பை மேசையில் வைத்தார்.

“அழகாகச் சொல்கிறாய். ஆனால் நான் உன்னோடு கதைக்கத்தான் வந்திருக்கிறேன். அந்த இரண்டு பேரில் நீ யாருக்கு வாக்குப் போட்டிருப்பாய்?”

நான் விட்டுவிட்டு வந்த ஊரில், எந்தப் பக்கம் என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் இளந்தாரிகள் வாய் திறப்பதில்லை. கண் தானாகவே கதவைத் தேடியது. ரீச்சர் கதவுப் பக்கம் இருந்தார். ஜன்னல் பரவாயில்லை, கீழ்த்தளம்தான், வெளியே ரோசாப் பற்றை. குத்தும், ஆனால் உயிர் போகாது. சைக்கிள் பூட்டின் திறப்பு எந்தப் பொக்கற்றில்?

“இரண்டு பேருக்கும்,” என்றேன்.

ரீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கிழவர் சிரிக்கவில்லை, காத்திருந்தார். என் வாய் திறந்தது. இலக்கணம் எல்லாம் நொறுங்கிய டேனிஷ்.

“எனக்குப் பிடித்தது தோற்றவரை. புது ஜனாதிபதி பதவியேற்கும் நாள், விடியமுன்னம் வண்டி ஏறிப் போய்விட்டார். கோபம். வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. ஆனால் போய்விட்டார். படையைக் கூப்பிடவில்லை. வென்றவரும் அவரைத் துரத்தவில்லை. அதை வாசித்தபோது, பிழையாக விளங்கிவிட்டேனோ என்று அகராதியை இரண்டு தரம் பார்த்தேன்.”

“கோபமாகப் போனது சரியா?”

“கோபம் பரவாயில்லை. தோற்ற பிறகு அவருக்குப் போக ஒரு வீடு இருந்தது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. வெட்கமாகிவிட்டது. “பாங்க் பற்றிச் சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்,” என்றார் கிழவர் மெதுவாக. அப்போதுதான் கவனித்தேன், நான் நிற்காமல் இருந்துகொண்டு கதைத்திருக்கிறேன்.

வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது ரீச்சர் ஒரே சொல்லில் முடித்தார்: “எட்டு.”

பள்ளி வாசலில், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த அண்ணை தன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

“என்னடா?”

“எட்டு, அண்ணை.”

அவர் முகம் சுருங்கியது. என் தோளில் கை போட்டார். “நூறுக்கு எட்டெண்டால்... சரி விடு. அழாதை. கோழியும் ஒரு தொழில்தானே.”

“நூறுக்கில்லை அண்ணை, பதின்மூண்டுக்கு. ஆறெடுத்தாலே பாஸ்!”

“பதின்மூண்டுக்கோ! எந்த விசரன்ரை கணக்கடா இது?” என்று கத்தியவர், நடு வீதியில் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். பஸ்சுக்கு நின்ற இரண்டு டேனிஷ் அம்மாக்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

அந்த ஆனி மாத வெயில் அதற்குப் பிறகு ஒரு வருடமும் ஒடென்சேக்கு வரவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். இருவரும் சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டே நடந்தோம். ஏறினால் அறை கெதியாக வந்துவிடும்.